விமான தூரமும் பயண நேரமும்: கால்குலேட்டரில் நாமே கணக்கிடலாம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வரும். எதைக் கேட்டாலும் உடனே பதில் வருகிறதே என்ற ஆச்சரியத்தில், மனதில் தோன்றியதை எல்லாம் டைப் செய்து தேடிக்கொண்டிருப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். 2009-ம் ஆண்டு மதுரையில் எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது, இன்டர்நெட் இணைப்பும் கூடவே வந்தது. வந்த நான்காவது மாதம், திரையில் பார்த்த ஒரே ஒரு எண்ணை நம்பி, போக வேண்டிய விமானத்தைத் தவறவிட்டு, சென்னை விமான நிலையத்தில் பெட்டியும் கையுமாக நின்றேன்.

அந்த எண் தவறானது அல்ல. நான் அதைப் புரிந்துகொண்ட விதம்தான் தவறு. அதே தவறை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மாதப் பாடம். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் கால்குலேட்டரைக் கொண்டே கண்டுபிடிப்போம். அதிலிருந்து பயண நேரம் எப்படி வருகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்றும் பார்ப்போம். கடைசியில் எக்செல்லில் ஒரு சிறிய பயணப் பட்டியல் தயாரிப்போம்.

நடந்தது என்ன?

என் அக்கா குடும்பம் அந்தமானில் போர்ட் பிளேரில் இருக்கிறது. அக்கா மகளுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான். குழந்தைக்குப் போட வேண்டிய தங்கத் தோடும் மதுரையில் செய்து என் சட்டைப் பையில் இருந்தது. விசேஷம் காலை ஏழு மணிக்கு. முந்தைய நாள் நானும் என் மனைவியும் புறப்பட்டோம்.

மதுரையிலிருந்து காலை 7.05-க்கு ஒரு விமானம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு 9.40-க்கு இன்னொரு விமானம். இரண்டும் தனித்தனி டிக்கெட். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், "நடுவில் நேரம் கம்மியா இருக்கே சார்" என்றார். "இல்லைங்க, கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டேன், மதுரையிலிருந்து சென்னைக்கு 30 நிமிஷம்தான்" என்று பெருமையாகச் சொன்னேன். டிக்கெட்டில் சென்னை சேரும் நேரம் 8.20 என்று அச்சாகியிருந்தது. பாதுகாப்புக்காக அவர்கள் கூட்டிப் போட்டிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் கணக்குப்படி 7.35-க்குச் சென்னையில் இறங்கிவிடுவேன். அடுத்த விமானத்துக்கான செக்-இன் கவுன்டர் 8.55-க்கு மூடும். நடுவில் ஒரு மணி 20 நிமிடம் மிச்சம்!

நடந்தது வேறு. மதுரையிலேயே 15 நிமிடம் தாமதம். சென்னையில் விமானம் வந்து நின்றபோது மணி 8.35. பெட்டி பெல்ட்டில் வந்தபோது 8.55. வெளியே வந்து, மறுபடி புறப்பாடு பகுதிக்கு ஓடிக் கவுன்டரை அடைந்தபோது 9.05. கவுன்டர் மூடியிருந்தது. அன்றைக்கு வேறு விமானத்தில் இடம் இல்லை. மறுநாள்தான் போனோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள், நல்ல நேரம் போய்விடும் என்று, அத்தானின் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் காது குத்தி முடித்துவிட்டார்கள். குழந்தையின் காதில் ஆசாரி கொண்டுவந்த கம்பிதான் இருந்தது. தோடு என் பையிலேயே இருந்தது.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டுட்டுப் பேசலாம் வா" என்றாள், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி வந்ததும் நான் முதலில் செய்த வேலை, அந்த 30 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்ததுதான்.

விமான நிலையத்தின் முகவரி இரண்டு எண்கள்

தூரம் கணக்கிட, முதலில் ஒவ்வொரு இடத்தையும் எண்ணாக மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகைதான் அந்த எண்கள். நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே என்பதை அட்சரேகை சொல்லும். கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே என்பதைத் தீர்க்கரேகை சொல்லும்.

கூகுள் மேப்ஸைத் திறந்துகொள்ளுங்கள். மதுரை விமான நிலையம் என்று தேடுங்கள். வரைபடத்தில் ஓடுபாதை தெரியும் இடத்தின் மேல் மவுசை வைத்து வலது பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ஒரு மெனு தோன்றும். அதன் முதல் வரியிலேயே இரண்டு எண்கள் இருக்கும். முதலில் இருப்பது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. அந்த வரியைக் கிளிக் செய்தால் எண்கள் காப்பி ஆகிவிடும். பாடத்துக்கு நமக்கு இரண்டு தசம இடங்கள் போதும்.

மதுரை: 9.83 வடக்கு, 78.09 கிழக்கு
சென்னை: 12.99 வடக்கு, 80.17 கிழக்கு
போர்ட் பிளேர்: 11.64 வடக்கு, 92.73 கிழக்கு

இங்கே நான்கு விஷயங்களில் கவனம் தேவை.

ஒன்று, ஊர்ப் பெயர். போர்ட் பிளேரின் பெயரை மத்திய அரசு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியது. அதனால் சில இடங்களில் பழைய பெயரும் சில இடங்களில் புதிய பெயரும் வரும். இரண்டும் ஒரே ஊர்தான். நான் பழைய பழக்கத்தில் போர்ட் பிளேர் என்றே எழுதுகிறேன்.

இரண்டு, விமான நிலையக் குறியீடு. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., போர்ட் பிளேருக்கு ஐ.எக்ஸ்.இசட்., சென்னைக்கு எம்.ஏ.ஏ. கடைசி எழுத்தை மாற்றி ஐ.எக்ஸ்.இ. என்று அடித்தால் மங்களூர் வந்துவிடும். எனவே குறியீட்டை மட்டும் டைப் செய்யாமல், திரையில் வரும் ஊர்ப் பெயரையும் படித்துப் பாருங்கள்.

மூன்று, ஊர் வேறு, விமான நிலையம் வேறு. வெறும் மதுரை என்று தேடினால் நகரின் நடுப்பகுதிதான் வரும். விமான நிலையம் நகருக்குத் தெற்கே இருக்கிறது.

நான்கு, பாகையும் கலையும். சில புத்தகங்களில் 9 பாகை 50 கலை என்று எழுதியிருப்பார்கள். அதை 9.50 என்று டைப் செய்தால் தவறு. ஒரு பாகைக்கு 60 கலை. எனவே 50-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். வருவது 0.83. ஆக 9.83 என்பதே சரி.

கால்குலேட்டரைத் தயார் செய்வோம்

ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து, கால்குலேட்டர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். கால்குலேட்டர் ஐகான் தோன்றும். அதைக் கிளிக் செய்தால் விண்டோ திறக்கும். அதன் இடது மேல் மூலையில் மூன்று கோடுகள் இருக்கும். அவற்றைக் கிளிக் செய்து, வரும் மெனுவில் சயின்டிஃபிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது நிறைய பட்டன்களுடன் பெரிய கால்குலேட்டர் வரும். பயப்பட வேண்டாம். நமக்குத் தேவை மூன்றே பட்டன்கள்: வர்க்கம் போடும் பட்டன், வர்க்கமூலம் எடுக்கும் பட்டன், காஸ் பட்டன். காஸ் பட்டன் டிரிகனாமெட்ரி என்ற சிறிய மெனுவுக்குள் இருக்கும்.

இன்னும் ஒன்று. மேல் பகுதியில் டெக் என்று மூன்றெழுத்துப் பட்டன் ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது டிகிரி என்பதன் சுருக்கம். அங்கே ராட் அல்லது கிராட் என்று இருந்தால், டெக் வரும் வரை கிளிக் செய்யுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும்.

மதுரையிலிருந்து போர்ட் பிளேருக்கு எவ்வளவு தூரம்?

பூமியின் சுற்றளவு சுமார் 40,030 கி.மீ. அதை 360 பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கி.மீ. வரும். வடக்கு தெற்காக எங்கே போனாலும் ஒரு பாகை ஏறக்குறைய இவ்வளவுதான். கிழக்கு மேற்காகப் போகும்போது அப்படி இல்லை. தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய் ஒன்று சேர்கின்றன, உரித்த ஆரஞ்சுப் பழத்தின் சுளைகள் மாதிரி. எனவே நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அவற்றின் இடைவெளி குறையும். அந்தக் குறைவைச் சரி செய்யத்தான் காஸ் பட்டன்.

ஒரு தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியின் விடையையும் எழுதிக்கொண்டே வாருங்கள்.

படி 1: வடக்கு தெற்கு தூரம். 11.64 − 9.83 = 1.81. இதை 111.2-ஆல் பெருக்குங்கள். விடை 201.27 கி.மீ.

படி 2: நடு அட்சரேகை. 11.64-ஐயும் 9.83-ஐயும் கூட்டி இரண்டால் வகுங்கள். 10.735 வரும். இந்த எண் திரையில் இருக்கும்போதே காஸ் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். 0.9825 என்று வர வேண்டும். சுமார் மைனஸ் 0.26 என்று வந்தால், உங்கள் கால்குலேட்டர் ராட் நிலையில் இருக்கிறது. டெக் ஆக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

படி 3: கிழக்கு மேற்கு தூரம். 92.73 − 78.09 = 14.64. இதை 111.2-ஆல் பெருக்கி, வருவதை 0.9825-ஆல் பெருக்குங்கள். விடை 1599.48 கி.மீ.

படி 4: இப்போது நம்மிடம் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. மூன்றாவது பக்கம்தான் நமக்குத் தேவையான தூரம். பிதாகரஸ் தேற்றம் நினைவிருக்கிறதா? 201.27-இன் வர்க்கம் 40,509.61. 1599.48-இன் வர்க்கம் 25,58,336.27. இரண்டையும் கூட்டி வர்க்கமூலப் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். விடை 1,612 கி.மீ.

உருண்டையான பூமிக்குத் தட்டையான முக்கோணம் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஊர் அட்சரேகையில், இந்த மாதிரி தூரங்களுக்குப் பொருந்தும். உருண்டைக்கான பெரிய சூத்திரத்தைப் போட்டாலும் இதே 1,612 தான் வருகிறது. ஆனால் சென்னையிலிருந்து லண்டன் வரை என்றால் இந்த முறை போதாது.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கூகுள் மேப்ஸில் மதுரை விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்து, தூரத்தை அளக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு போர்ட் பிளேர் ஓடுபாதையின் மேல் ஒரு கிளிக் செய்யுங்கள். நம் விடைக்கு மிக அருகில் ஓர் எண் வரும். ஓரிரு கி.மீ. முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம். நீங்கள் கிளிக் செய்த இடத்தைப் பொறுத்தது அது.

திரையில் 870 என்றோ 1002 என்றோ வந்தாலும் பதற வேண்டாம். 870 என்பது கடல் மைல், 1002 என்பது சாதாரண மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானத் துறையில் கடல் மைல் கணக்குதான் வழக்கம். எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதன் பக்கத்தில் உள்ள அளவைப் பாருங்கள்.

நேர்கோடு வேறு, பாதை வேறு

நாம் கண்டுபிடித்த 1,612 கி.மீ. நேர்கோட்டுத் தூரம். நான் அந்தக் கோட்டில் போகவில்லை. சென்னை வழியாகப் போனேன். அதே நான்கு படிகளை மறுபடி செய்து பாருங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு 418 கி.மீ., சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் சுமார் 1,373 கி.மீ. வரும். மொத்தம் 1,791 கி.மீ. நேர்கோட்டை விட 179 கி.மீ. அதிகம்.

இந்த 418 கி.மீ. கூட வானத்தில்தான். சாலை வழியாக மதுரையிலிருந்து சென்னை சுமார் 460 கி.மீ. ரயில் பாதையில் 490 கி.மீ.க்கு மேல். மூன்றும் ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள தூரம்தான். எந்தத் தூரம் என்று கேட்காமல் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

நேரம்: நான் ஏமாந்தது இங்கேதான்

இப்போது அந்த 30 நிமிடத்துக்கு வருவோம். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானங்கள் உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகம் போகும். கால்குலேட்டரில் 418-ஐ 830-ஆல் வகுத்து, 60-ஆல் பெருக்குங்கள். 30.2 நிமிடம்! நான் பார்த்த பக்கம் செய்தது இவ்வளவுதான். தூரத்தை வேகத்தால் வகுத்துக் காட்டியது. அது எந்த விமானத்தின் கால அட்டவணையையும் பார்க்கவில்லை.

விமானம் ஓடுபாதையிலிருந்து துள்ளி எழுந்த உடனே 830 கி.மீ. வேகத்தில் போய்விடுவதில்லை. 10,000 அடி உயரத்துக்குக் கீழே பொதுவாக மணிக்கு 250 கடல் மைல், அதாவது சுமார் 463 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நேரம் பிடிக்கும். மதுரை சென்னை போன்ற குறுகிய தூரத்தில், ஏறி முடித்துக் கொஞ்ச நேரம் நேராகப் பறப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும். அது மட்டும் இல்லை. காற்று வீசும் திசையைப் பொறுத்து, ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்பது மாறும். சில சமயம் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்துதான் இறங்க வேண்டும். முன்னால் வேறு விமானங்கள் இருந்தால் வானத்திலேயே வட்டமடிக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம் டிக்கெட்டில் உள்ள நேரத்தின் பொருள். புறப்படும் நேரம் என்பது விமானம் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. நிறுத்தி வைத்த இடத்திலிருந்து நகர ஆரம்பிக்கும் நேரம். சேரும் நேரம் என்பதும் சக்கரம் தரையைத் தொடும் நேரம் அல்ல. ஊர்ந்து வந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் நேரம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ளதைப் பிளாக் டைம் என்கிறார்கள். மதுரை சென்னைக்கு என் டிக்கெட்டில் இருந்தது 75 நிமிடம். அது கூட்டிப் போட்ட கணக்கு அல்ல. அதுதான் உண்மையான கணக்கு. 7.20-க்குக் கிளம்பிய விமானம் 8.35-க்குத்தான் வந்து நின்றது என்பதை மேலே பாருங்கள். சரியாக 75 நிமிடம்.

ஆக, வகுத்து வரும் நேரத்தோடு சுமார் 35 முதல் 45 நிமிடம் கூட்டிக்கொண்டால் ஜெட் விமானத்துக்கு உத்தேசமான பிளாக் டைம் கிடைக்கும். மதுரை சென்னை: 30-உடன் 45 கூட்டினால் 75 நிமிடம். சென்னை போர்ட் பிளேர்: 1,373-ஐ 830-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 99. அதனுடன் 36 கூட்டினால் 135 நிமிடம், அதாவது இரண்டே கால் மணி. அட்டவணைகளிலும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? கூட்ட வேண்டிய நேரம் தூரம் குறைந்தாலும் அதிகம் குறைவதில்லை. எனவே நீண்ட தூரத்தில் சிறியதாகத் தெரியும் தவறு, குறுகிய தூரத்தில் பெரிதாகிவிடும். போர்ட் பிளேருக்கு 99 நிமிடம் என்று நம்பியிருந்தால் உண்மையில் ஆவது ஏறக்குறைய அதைப் போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்று அதிகம். சென்னைக்கு 30 நிமிடம் என்று நம்பினால் உண்மையில் ஆவது இரண்டரை மடங்கு. சிறிய ஊர்களுக்கு இடையே போகும்போதுதான் இந்தக் கணக்கு அதிகம் ஏமாற்றும்.

விமானத்தின் வகையையும் பாருங்கள். ஏடிஆர் 72 போன்ற விசிறி வைத்த விமானங்களின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. தான். அதே 418 கி.மீ. தூரத்துக்கு வகுத்து வருவதே 50 நிமிடம்.

காற்றும் கடிகாரமும்

போகும்போது ஆன நேரமும் திரும்பும்போது ஆன நேரமும் ஒன்றாக இருக்காது. தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்தியாவின் மேல்வானத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசும். போர்ட் பிளேருக்குப் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். வேகம் 830-லிருந்து 770 ஆகிவிடும். 1,373 கி.மீ.க்கு 107 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். வேகம் 890. நேரம் 93 நிமிடம். ஒரே தூரம், 14 நிமிட வித்தியாசம்.

கடிகாரத்தைப் பொறுத்தவரை நமக்குச் சுலபம். போர்ட் பிளேர் மதுரைக்கு 14.64 பாகை கிழக்கே இருப்பதால், அங்கே சூரியன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே உதித்துவிடும். ஆனால் கடிகாரம் ஒன்றுதான். இரண்டு ஊரிலும் இந்திய நேரமே. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அப்படி இல்லை. சிங்கப்பூர் நேரம் நம்மை விட இரண்டரை மணி முன்னால் இருக்கும். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். அதை மறந்து கழித்துப் பார்த்தால் நான்கு மணி நேரப் பயணம் ஆறரை மணி என்று வரும்.

எக்செல்லில் வீட்டிலிருந்து வீடு வரை

நாம் போவது விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அல்ல. நம் வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்கு. எனவே எக்செல்லைத் திறந்து, முதல் பத்தியில் வேலையையும் இரண்டாவது பத்தியில் நிமிடத்தையும் டைப் செய்வோம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

வீட்டிலிருந்து மதுரை விமான நிலையம்: 40
செக்-இன், பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு: 90
மதுரை முதல் சென்னை: 75
சென்னையில் இடைவெளி: 180
சென்னை முதல் போர்ட் பிளேர்: 135
பெட்டி எடுத்து வெளியே வர: 30
அக்கா வீட்டுக்கு: 20

செல்லில் எண்ணை மட்டும் டைப் செய்யுங்கள். 40 நிமிடம் என்று எழுத்தும் சேர்த்து டைப் செய்தால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, கூட்டலில் விட்டுவிடும். எண்கள் முடிந்ததும் அவற்றுக்குக் கீழே உள்ள காலிச் செல்லைக் கிளிக் செய்து, மேலே உள்ள ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். 570 என்று வரும். அதற்கும் கீழே உள்ள செல்லில் சமக்குறி போட்டு, 570 உள்ள செல்லை ஒருமுறை கிளிக் செய்து, வகுத்தல் குறியும் 60-ம் டைப் செய்து என்டர் தட்டுங்கள். 9.5 என்று வரும். இது ஒன்பது மணி 50 நிமிடம் அல்ல, ஒன்பதரை மணி நேரம்.

மதுரையிலிருந்து போர்ட் பிளேருக்கு 1,612 கி.மீ. என்று பார்த்து, அதை 830-ஆல் வகுத்திருந்தால் ஒரு மணி 57 நிமிடம் என்றுதான் வந்திருக்கும். ஒன்பதரை மணி எங்கே, இரண்டு மணி எங்கே!

சென்னை இடைவெளிக்கு 180 நிமிடம் போட்டிருக்கிறேனே, அதிகம் இல்லையா என்று தோன்றலாம். அந்த எண்ணை மாற்றிப் பாருங்கள், கூட்டல் தானாக மாறும். ஆனால் குறைப்பதற்கு முன் யோசியுங்கள். உள்நாட்டு விமானங்களுக்கு இப்போது பொதுவாக 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுகிறார்கள். உங்கள் டிக்கெட்டில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2009-ல் என்னுடைய விமானம் தாமதம் இல்லாமல் 8.20-க்கே வந்திருந்தாலும், பெட்டி எடுத்துக் கவுன்டரை அடைய 8.50 ஆகியிருக்கும். வெறும் ஐந்து நிமிடம்தான் மிச்சம். அதற்குப் பெயர் திட்டம் இல்லை, சூதாட்டம். இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகும்போது அடுத்த ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பில் வரும். தனித்தனியாக வாங்கினால் நஷ்டம் நம்முடையது.

வீட்டுப் பாடம்

கோவை விமான நிலையம் 11.03 வடக்கு, 77.04 கிழக்கு. கோவைக்கும் மதுரைக்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடியுங்கள். விடை சுமார் 176 கி.மீ. வர வேண்டும். அதை 830-ஆல் வகுத்து நிமிடமாக்கினால் 13 நிமிடம் வரும். கோவையிலிருந்து மதுரைக்கு 13 நிமிடம்! கம்ப்யூட்டர் சிரிக்காமல் இந்த விடையைக் காட்டும். இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. நாம் அதைக் கேட்கவும் இல்லை.

கம்ப்யூட்டர் பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. நான் கேட்டது, 418 கி.மீ.யை 830 கி.மீ. வேகத்தில் கடக்க எவ்வளவு நேரம் என்ற கேள்வி. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அக்கா மகளின் காது குத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்ற கேள்வி. தூரத்தைக் கம்ப்யூட்டரிடம் கேளுங்கள், நேரத்தைக் கால அட்டவணையிடம் கேளுங்கள். அட்டவணையும் திரையில் உள்ள எண்ணும் மோதினால் அட்டவணையை நம்புங்கள். அனுபவம் உள்ள ஒருவர் நேரம் கம்மி என்றால் அவர் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

2012-ல் அக்காவின் இரண்டாவது குழந்தைக்குக் காது குத்து நடந்தது. இதே மாதிரி பட்டியல் போட்டு, இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். பையன் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தான். அழுதுகொண்டே என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் ஒரு பட்டன் அறுந்துவிட்டது. அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள விமான நிலையத்தையும், நீங்கள் அடிக்கடி போக நினைக்கும் ஊரையும் எடுத்துக்கொண்டு இந்த நான்கு படிகளையும் இன்றே ஒருமுறை செய்து பாருங்கள்.